டூட்டி அட்டவணையில் ஒரு பெண்ணின் பெயர்: வேலூர் வட்டாரப் போக்குவரத்துத் தொழிலில் பெண்களைச் சேர்க்கவும் நிலைக்கச் செய்யவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டைப் பக்கம் ஆலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பஸ்களுக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் டூட்டி அட்டவணை போட்டவள் நான். எங்கள் நிறுவனத்தில் முதன்முதலாக ஒரு பெண் ஓட்டுநர் சேர்ந்த அன்று மாலை போட்டோம், இனிப்பு கொடுத்தோம், வண்டிக்குத் தேங்காய் உடைத்தோம். 23-ஆம் நாள் அவர் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். வண்டி ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. அவர் வளைவில் திருப்புவதைப் பார்த்து மூத்த ஓட்டுநர்களே தலையசைத்தார்கள். ஆனால் காலை 4.15-க்கு வண்டியை எடுத்தால் 11 மணி வரை அவருக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை. தண்ணீர் குடிக்காமல் ஓட்டிப் பார்த்தார். வேலூர்ச் சித்திரை வெயிலில் அதை எத்தனை நாள் தாங்க முடியும்? மூன்றாம் வாரம் காய்ச்சலும் நீர்க்கடுப்புமாகப் படுத்தார்.

அந்த அட்டவணையைப் போட்டவள் நான்தான். ஒரு பெண்ணாக இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

பெண்கள் இந்தத் தொழிலில் நிலைக்காததற்குத் துணிச்சல் குறைவு காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த நேரத்தில் எந்த வண்டி, நடுவில் எங்கே நிற்பது, முடித்தபின் எப்படி வீடு போவது என்று ஒரு தாளில் எழுதுகிறோமே, பெண்கள் வேலையில் இருப்பதும் போவதும் அந்தத் தாளில்தான் முடிவாகிறது. ஐந்து பஸ் வைத்திருப்பவர், பள்ளி வேன் நடத்துபவர், லாரி ஷெட் வைத்திருப்பவர், பார்சல் புக்கிங் அலுவலகம் நடத்துபவர் ஆகியோருக்காகவும், இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என அறியப்படும் சுரேகா யாதவ் 1980-களின் இறுதியிலேயே எஞ்சினில் ஏறிவிட்டார். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் அரசு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நம் பழைய வடாற்காடு மாவட்டத்துக்கும் போக்குவரத்தில் பெருமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வந்து சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. அவ்வளவு பழைய தடம் உள்ள மண்ணில் இன்று பஸ் ஓட்டும் பெண்ணைப் பார்த்தால் நின்று படம் எடுக்கிறார்கள். அது மாற வேண்டும்.

1. முதலில் எண்ணுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் நிறுவனத்தில் இப்போது எத்தனை பெண்கள், என்ன வேலையில், எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலும் கணக்கு எழுதுபவர், டிக்கெட் கவுண்டரில் இருப்பவர், பள்ளி வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் ஆயா, வண்டி கழுவுபவர், கூட்டுபவர் என்று அமையும். வண்டியை நகர்த்துகிற, வண்டியைப் பழுதுபார்க்கிற, யார் எந்த வண்டி என்று முடிவு செய்கிற மூன்று இடங்களிலும் எத்தனை பேர் என்று தனியாக எழுதுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மறைக்காமல் பூஜ்யம் என்று போடுங்கள்.

அடுத்து, கடந்த 2 ஆண்டுகளில் வேலையை விட்ட பெண்களின் பெயர்களை எழுதுங்கள். பெயருக்கு எதிரே காரணம் எழுத முற்படும்போது 'குடும்பச் சூழ்நிலை' என்றுதான் கை எழுதும். அது காரணமில்லை. அவர்கள் மரியாதைக்காகச் சொல்லிவிட்டுப் போன சொல். உண்மைக் காரணத்தை எப்படி அறிவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2. ஆள் எடுக்கும் முன் கழிப்பறை

இதை இரண்டாவதாக வைப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் இதை மாற்ற மாட்டேன். விளம்பரம் போடுவதற்கு முன், உரிமம் பற்றிப் பேசுவதற்கு முன், இதை முடியுங்கள்.

உங்கள் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு தாள் எடுங்கள். வேலூர் புதிய பஸ் நிலையத்தில் கிளம்பி குடியாத்தம் வழியாகப் பேரணாம்பட்டு போய்த் திரும்பும் வண்டி என்று வையுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கு எதிரேயும் நான்கு கேள்விகள். இங்கே பெண்கள் கழிப்பறை இருக்கிறதா? காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் திறந்திருக்கிறதா? உள்ளே தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணீரும் இருக்கின்றனவா? பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? இந்தத் தாளை அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். ஒரு பெண் ஊழியரை அந்த வண்டியிலேயே அனுப்பி நிரப்பச் சொல்லுங்கள். பகலில் ஒரு முறை, விடியலில் ஒரு முறை. பகலில் திறந்திருந்த கழிப்பறைகளில் பல விடியலில் பூட்டிக் கிடப்பதை நாங்கள் அப்படித்தான் கண்டோம்.

பெரிய பஸ் நிலையங்களில் ஏதோ ஒரு வழி இருக்கும். தொல்லை கடைக்கோடியில்தான். ஒடுகத்தூர் போன்ற ஊர்களில், கிராமத்து ஆலமரத்தடியில் திரும்பும் வண்டிகளில், ஆலை வாசலில் ஷிப்ட் முடியக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் ஆண் ஓட்டுநர் மரத்துக்குப் பின்னால் போய் வருவார். பெண் எங்கே போவார்? இதற்கு மூன்று வழிகள் எங்களுக்குப் பலித்தன. ஆலைக்கு வண்டி ஓட்டினால், ஆலைக்குள் இருக்கும் பெண்கள் கழிப்பறையை ஓட்டுநரும் பயன்படுத்தலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது. நெடுஞ்சாலையில் டீசல் போடும் பங்க் முதலாளியிடம் பேசி வைப்பது. மாதம் இவ்வளவு டீசல் போடுகிறோம், எங்கள் பெண் ஊழியருக்குச் சாவி கொடுங்கள் என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. கிராமத்துக் கடைக்கோடியில் அங்கன்வாடிக்கு அருகிலோ கடைக்காரர் வீட்டிலோ மாதம் ஒரு தொகை கொடுத்து ஏற்பாடு செய்வது.

இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் 10 நிமிடம் அட்டவணைக்குள்ளேயே எழுதுங்கள். அட்டவணையில் இல்லாத இடைவேளையைக் கேட்கப் பெண்கள் கூச்சப்படுவார்கள். பின்னால் வரும் வண்டிக்காரர் நேரம் போகிறது என்று சண்டைக்கு வருவார். எழுதிவிட்டால் அது உரிமை. இதே 10 நிமிடம் சர்க்கரை நோய் உள்ள ஆண் ஓட்டுநர்களுக்கும் உதவியது. அவர்கள் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

டிப்போவில் ஓர் ஓய்வறை: கதவு, உள்தாழ்ப்பாள், மின்விசிறி, கட்டில், மூடியுள்ள குப்பைத்தொட்டி, நாப்கின். டயர் அடுக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தாலும் சரி, ஆனால் அதில் மறுபடி டயர் அடுக்காதீர்கள். இரவு ஹால்ட் இருக்கும் ஊர்களில் தொழிலாளிக்குத் தங்குமிடம் வேண்டும் என்பதை 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே பேசியது. பஸ் சீட்டில் துண்டு விரித்துப் படுக்கும் வழக்கம் ஆணுக்கும் நல்லதில்லை.

3. ஆள் தேடும் முறை

'ஆண் ஓட்டுநர்கள் தேவை' என்று அச்சடித்த பழைய பலகையை முதலில் கழற்றுங்கள். 'ஓட்டுநர் தேவை, பெண்கள் விண்ணப்பிக்கலாம், பயிற்சி தரப்படும்' என்று எழுதுங்கள். அந்தக் கடைசிச் சொற்கள்தான் அழைப்பு.

உயரம், எடை போன்ற பழைய தகுதிகளை ஒருமுறை கேள்வி கேளுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் நடத்துநருக்கு 160 செ.மீ. உயரம் என்று இருந்ததை 2024-இல் பெண்களுக்கு 150 செ.மீ. ஆக அரசே தளர்த்தியது. டிக்கெட் கிழிப்பதற்கு அந்த 10 செ.மீ. தேவைப்படவில்லை. ஓட்டுநருக்கும் கால் பெடலுக்கு எட்டுகிறதா, கண்ணாடி மூன்றும் தெரிகிறதா என்பதைச் சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். சீட்டை முன்னே நகர்த்தியும் முதுகுக்குத் திண்டு வைத்தும் தீர்கிற குறையை உடல் குறையாக எழுதாதீர்கள்.

ஆள் எங்கே கிடைப்பார்கள்? மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களுக்கு நேரில் போங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல், காலணி ஆலைகளில் ஆண்டுக்கணக்காக ஷிப்ட் பார்த்த பெண்களுக்கு விடியற்காலை எழுவதும் நேரம் தவறாமையும் பழகிப்போன விஷயம். அவர்களில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களைக் கேளுங்கள். நேர்காணலில் திருமணம் எப்போது, குழந்தை எப்போது என்று கேட்காதீர்கள். அதே மேசையில் ஓர் ஆணிடம் நீங்கள் அதைக் கேட்பதில்லை.

4. உரிமம் என்னும் படிக்கட்டு

இதில் தவறான தகவல்கள் நிறைய உலவுகின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவருக்குச் சரக்கு, பயணிகள் வாகன உரிமம் கிடைக்காது என்பது பழைய கதை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்த அந்த நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆறாம் வகுப்போடு ஆலைக்குப் போன பெண்ணுக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது.

18 வயதில் கார் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம், எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அந்த இலகுரக உரிமத்தை வைத்துக்கொண்டே மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு, பயணிகள் வாகனங்களையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. இத்தகைய வாகனங்களுக்கு உரிமத்தில் தனி ஒப்புதல் பதியாவிட்டால் விபத்து இழப்பீடு கிடைக்காது என்று காரணம் சொல்லிப் பெண்களைத் திருப்பி அனுப்பிய முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்துக்கு இனி இடமில்லை. சரக்கு, பயணிகள் வாகனம் ஓட்ட வயது 20 ஆகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கனரக வண்டிக்கு இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். இந்த உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நடத்துநர் வேலைக்கு விருப்பமென்றால் முதலுதவிச் சான்றிதழோடு கண்டக்டர் உரிமத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். செலவு குறைவு, கதவு இரண்டு திறக்கும்.

இனி உண்மையான முடிச்சு. 2025-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் கூடிய நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டபோது கனரக உரிமத்தோடு 18 மாத அனுபவத்தையும் கேட்டன. அந்த 18 மாதத்தை ஒரு பெண் எங்கே சம்பாதிப்பார்? தனியார் முதலாளி வண்டி கொடுத்தால்தான் உண்டு. அனுபவம் இல்லை என்று தனியாரும் திருப்பி அனுப்பினால் அவர் உரிமத்தைப் பீரோவில்தான் வைக்க வேண்டும். அரசு வேலையின் கதவும் ஐந்து பஸ் வைத்திருக்கும் உங்கள் கையில் இருக்கிறது என்பதை உணருங்கள்.

நாங்கள் கடைப்பிடித்த வரிசை இது. முதல் இரண்டு மாதம் வேன்; காலை 10 முதல் 4 வரை, நெரிசல் குறைந்த நேரத்தில். அடுத்த நான்கு மாதம் மினி பஸ், பக்கத்தில் மூத்த ஓட்டுநர். அதன்பின் தனியாக. கனரக உரிமம் கிடைத்ததும் காலி வண்டியில் டிப்போவுக்குள் பின்னோக்கி எடுப்பது, பிறகு புறநகர்ச் சாலை, பிறகு காட்பாடி பாகாயம் தடம். பாலாற்றுப் பாலத்தில் மாலை 6 மணிக்கு வண்டி ஓட்டியவருக்கு வேறெந்த ஊரும் பெரிதில்லை. கடைசியாக ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்றம் இறக்கம் இரண்டும், பகலில் மூன்று முறை. மலை ஏறி இறங்கிய பெண்ணைப் பார்த்து அதன்பின் டிப்போவில் எவரும் வாய் திறந்ததில்லை.

கற்றுத்தரும் மூத்த ஓட்டுநரை நீங்கள் தேர்ந்தெடுங்கள், அவருக்கு மாதம் கூடுதல் தொகை கொடுங்கள். கத்தாமல் சொல்லித்தருபவர்தான் வேண்டும். சின்னக் கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். ஆண் பயிற்சியாளரிடம் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படியே நடந்துகொள்ளுங்கள். பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்பது நல்லது. அதற்காக இத்தனை ஆண்டு விலகக்கூடாது என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். கட்டிப்போட்டுத் தங்கவைத்தவரை நான் பார்த்ததில்லை.

5. அட்டவணை

இங்கேதான் எல்லாம்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் டிக்கெட் காசு இல்லாமல் பயணம் செய்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களின் பையில் மாதம் எவ்வளவு மிச்சம் என்று எங்கள் வட்டாரத்தில் கேட்டுப் பாருங்கள், கண் மலரச் சொல்வார்கள். ஆனால் முதல் நடை வண்டியை எடுக்கும் ஓட்டுநருக்கு அந்த முதல் நடையில் ஏறி வர முடியாது. கடைசி நடையை நிறுத்தியவருக்கு வீடு போகப் பஸ் இல்லை. அணைக்கட்டில் குடியிருக்கும் பெண்ணுக்குக் காட்பாடியில் காலை 4.30 டூட்டி போட்டால், அவர் 3.30 மணிக்கு இருட்டில் யார் வண்டியில் வருவார்? அட்டவணை போடுபவர் டூட்டி தொடங்கும் நேரத்தை மட்டும் பார்க்கிறார். வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிகிற நேரத்தைப் பார்க்க வேண்டும். இதை நான் கற்கப் பல ஆண்டுகள் ஆயின.

செய்ய வேண்டியவை: ஒவ்வொரு ஊழியரின் வீட்டையும் ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். விடியல் டூட்டியை டிப்போவுக்கு அருகில் இருப்பவருக்குக் கொடுங்கள், ஆணோ பெண்ணோ. தூரத்தில் இருப்பவருக்கு விடியல் டூட்டி போட்டே ஆக வேண்டுமென்றால் ஊழியர் வேன் அனுப்புங்கள். ஆலைப் பஸ் நடத்துபவர்களுக்கு அது கடினமில்லை, அந்த வழியில் போகும் வண்டி ஒன்று இருக்கத்தான் செய்யும். வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவருக்கு வேலூரில் இருக்கும் அரசின் தோழி விடுதியைப் பற்றிச் சொல்லுங்கள்.

அட்டவணையை ஒரு வாரம் முன்பே ஒட்டுங்கள். முந்தின நாள் இரவு 9 மணிக்குப் போன் செய்து நாளை 4 மணிக்கு வா என்றால், குழந்தையை யாரிடம் விடுவது என்று அந்த நேரத்தில் அவர் ஊர் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். யாராவது வராமல் போனால் கூப்பிட ஆக்டிங் டிரைவர் பட்டியல் ஒன்று வைத்திருங்கள்.

இரவு வேலை பற்றி இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். கேட்காமலே இரவு டூட்டி போடுவது ஒரு தவறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டம், இரவு 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் பெண்ணை வேலைக்கு அமர்த்த அவருடைய ஒப்புதலும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும் என்கிறது. ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள், மறுத்தால் அதற்காக வேறு எதையும் பறிக்காதீர்கள். இன்னொரு தவறு, நல்லது செய்வதாக நினைத்துப் பெண்களுக்கு எப்போதும் பகல் டூட்டியே போடுவது. நீண்ட தூர வண்டியில்தான் பேட்டா என்னும் தினப்படி அதிகம், பதவி உயர்வுக்கான அனுபவமும் அங்கேதான். விரும்பிக் கேட்கும் பெண்ணுக்குப் பெங்களூரு டூட்டியை மறுக்காதீர்கள். கேட்டு, வசதி செய்து, சுழற்சியில் கொடுங்கள்.

தொடக்கத்தில் இரண்டு பெண்களையாவது ஒரே டிப்போவில், ஒரே ஷிப்டில் போடுங்கள். நூறு ஆண்களுக்கு நடுவில் தனியாக ஒரு பெண் டீ குடிக்க எங்கே போய் நிற்பார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

6. தொல்லை வந்தால்

10 பேருக்கு மேல், ஏன், சரியாக 10 பேர் வேலை செய்தாலே பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இது. தலைவர் மூத்த பெண் ஊழியராகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடச் சிறிய நிறுவனங்களின் ஊழியர்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். முதலாளி ஏற்பாடு செய்த வாகனமும் இந்தச் சட்டப்படி பணியிடம்தான். ஊழியர் வேனில் நடந்தது வெளியே நடந்தது என்று தட்டிக்கழிக்க முடியாது.

சட்டத்துக்கு முன், முதல் 10 நிமிடம் முக்கியம். குடித்துவிட்டு ஏறிய பயணி பெண் நடத்துநரைத் தொந்தரவு செய்கிறார் என்று வையுங்கள். வண்டியை ஓரம் கட்டி ஆளை இறக்க ஓட்டுநருக்கு அதிகாரம் உண்டு, நேரம் தவறியதற்கு அவரிடம் விளக்கம் கேட்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருங்கள். டைம் கீப்பரின் எண் இருவரிடமும் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவி எண் 181, ரயிலில் என்றால் 139. திரும்பி வந்தவரிடம் 'நீங்கள் ஏன் அவரிடம் பேச்சுக் கொடுத்தீர்கள்' என்று கேட்கும் மேற்பார்வையாளரை அன்றே கண்டியுங்கள்.

புகார் சக ஊழியர் மீது என்றால், புகார் கொடுத்தவரை வேறு தடத்துக்கு மாற்றாதீர்கள். இது எங்கும் நடக்கிறது. அவரைப் பாதுகாப்பதாகச் சொல்லி அவருடைய நல்ல தடத்தைப் பிடுங்குவது அவருக்கே தண்டனை. அடுத்த பெண் வாயைத் திறக்க மாட்டார்.

7. கர்ப்பம், குழந்தை, திரும்பி வருதல்

கர்ப்பம் என்று சொன்ன நாளிலேயே வேலையைவிட்டு நிற்கச் சொல்வது சட்டத்துக்கு விரோதம். மருத்துவர் சொல்லும்வரை ஓட்டலாம். அதன்பின் அட்டவணைப் பிரிவு, டிக்கெட் கணக்கு, புதியவர்களுக்குப் பாடம் எடுப்பது என்று அதே சம்பளத்தில் மாற்று வேலை கொடுங்கள். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிந்திருந்தால் அந்தத் தொகையை இ.எஸ்.ஐ.யே கொடுக்கும். ஆகையால் 'எங்களால் கட்டுப்படியாகாது' என்பது பல நேரம் இ.எஸ்.ஐ. கட்டாத முதலாளியின் பேச்சு. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் கடமை.

திரும்பி வருபவருக்கு முதல் மாதம் குறுகிய தடம், பால் கொடுக்க இடைவேளை, பழைய சீனியாரிட்டி. இந்த மூன்றையும் போகும்போதே எழுதிக் கொடுங்கள். எழுத்தைக் கையில் வைத்திருப்பவர் திரும்பி வருகிறார்.

8. வீட்டாரை அழைத்துப் பேசுங்கள்

எங்களிடம் சேர வந்த ஒரு பெண்ணின் மாமியார் டிப்போ வாசலிலேயே நின்றார். உள்ளே அழைத்து உட்காரவைத்தேன்.

"ராத்திரி நேரத்தில் ஆண்பிள்ளைகளோடு வேலை என்கிறார்களே அம்மா, ஊர் என்ன பேசும்?"

"வாருங்கள் அத்தை, ஓய்வறையைக் காட்டுகிறேன். உங்கள் மருமகள் முடித்ததும் இந்த வேன்தான் வீட்டு வாசலில் இறக்கும். ஓட்டுபவர் எண் இது, என் எண் இது."

அவர் கட்டிலைத் தொட்டுப் பார்த்தார், தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து குழந்தையைப் பள்ளிக்கு விடும் பொறுப்பு அவருடையது. வீட்டாரிடம் ஒப்புதல் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. வயது வந்த பெண் தன் வேலையைத் தானே முடிவு செய்யலாம். ஆனால் பார்த்துவிட்டுப் போன குடும்பம் துணை நிற்கிறது.

9. சொந்த வண்டி ஓட்ட விரும்புவோருக்கு

ஆட்டோவோ சரக்கு வேனோ சொந்தமாக வாங்கும் பெண்கள் முதலில் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். வாரியத்தில் பதிந்த பெண்களும் திருநங்கைகளும் ஆட்டோ வாங்க 1 லட்சம் ரூபாய் மானியத்தை அரசு அறிவித்திருக்கிறது; விண்ணப்பம் தொழிலாளர் துறை வழியாக. சென்னையில் 2025 மார்ச் 8 அன்று தொடங்கிய இளஞ்சிவப்பு ஆட்டோ திட்டம் அந்த நகரத்துக்கானது, அதைக் காட்டி வேலூரில் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தங்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவின் முதலமைச்சர் தொழில் முனைவுத் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் வரை மானியம் பெறலாம். சிறுதொழிலுக்கான முத்ரா கடனில் 50,000 ரூபாய்க்குள் என்றால் சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். மானியத்தைக் கணக்கில் வைத்து டியூ கட்டத் திட்டமிடாதீர்கள். மானியம் தாமதமாகலாம், டியூ தேதி தள்ளாது.

பேட்டரி ஆட்டோவுக்குப் பெர்மிட்டிலிருந்து மத்திய அரசு 2018-இல் விலக்கு அளித்தது. பகல் முழுக்கச் சவாரி ஓட்டி இரவில் வீட்டிலேயே சார்ஜ் போடலாம் என்பதால், விடியலுக்கு முன் வெளியே வர முடியாத பெண்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

வண்டி வாங்கிய பின் வரும் தடை ஆட்டோ ஸ்டேண்ட். இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். தனியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். வாங்குவதற்கு முன்பே ஸ்டேண்ட் தலைவரிடமும் சங்கத்திடமும் பேசி, உறுப்பினர் கட்டணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் பள்ளிக் குழந்தைகள் சவாரி, மருத்துவமனைக்கு மாதந்தோறும் போகும் முதியவர்கள் என நிலையான வாடிக்கையைப் பிடியுங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளிகள் வராத நாள் இந்த ஊரில் இல்லை. பெண் ஓட்டுநர் என்றால் விரும்பி அழைக்கும் குடும்பங்கள் பல.

10. ஓட்டுநரோடு நிறுத்தாதீர்கள்

பத்தாண்டு வண்டி ஓட்டியவர் அடுத்து என்ன? ஆண் என்றால் செக்கிங், டைம் கீப்பர், டிப்போ பொறுப்பு என்று போகிறார். பெண்ணுக்கும் அதே பாதையை, அதே ஆண்டுக் கணக்கில் எழுதி வையுங்கள். பணிமனையில் ஒரு பெண் மெக்கானிக்கையாவது சேர்க்கப் பாருங்கள். பேட்டரி வண்டிகள் பெருகுவதால் மின்சுற்று படித்த ஐ.டி.ஐ. பெண்களுக்கு இது நல்ல காலம். ரயில்வேயை நினைப்பவர்கள் ரயில்வே தேர்வு வாரிய அறிவிப்புகளைப் பாருங்கள். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை மூன்றும் நம் பழைய மாவட்டத்துச் சந்திப்புகள்தான்; உதவி லோகோ பைலட் வேலைக்கு ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ போதும்.

அட்டவணை போடும் மேசையில் ஒரு பெண்ணை உட்காரவையுங்கள். வண்டி ஓட்டிய பெண்ணாக இருந்தால் மேலும் நல்லது. நான் ஓட்டியதில்லை, அதனால்தான் தவறினேன்.

11. போனவரிடம் கேளுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று எண்கள்: எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஒரே மாதத்தில் பேட்டாவோடு எவ்வளவு வாங்கினார்கள். மூன்றாவது எண்ணில் இடைவெளி இருந்தால் அட்டவணையைத் திரும்பப் பாருங்கள், நல்ல தடங்கள் ஒரு பக்கமே போகின்றன என்று அர்த்தம்.

வேலையை விட்டவரை ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம். அலுவலகத்துக்கு அழைக்கவும் வேண்டாம். வீட்டுக்குப் போய், பாக்கிச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எது மாறியிருந்தால் இருந்திருப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த முதல் ஓட்டுநரின் வீட்டுக்கு நான் அப்படித்தான் போனேன். முதலில் 'குடும்பச் சூழ்நிலை அக்கா' என்றார். டீ போட்டுக் கொடுத்தார். நான் கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். அடுத்த நாள்தான் நான் அந்தத் தாளை எடுத்து நிறுத்தங்களுக்கு எதிரே கோடு போட்டேன்.

மறுபடி வரச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். வரவில்லை. அவர் இப்போது காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளி வேன் ஓட்டுகிறார். முதல் நடை காலை 7.10.